பிச்சிப்பூ உதிர்த்த கட்டில்

அறுபதாம் கல்யாணம் முடிந்த மத்தியானம் மாடியறை வாசலில் நின்றவர்கள் நான்கு பேர்: கோமதிநாயகம், அவர் மனைவி உலகம்மாள், அவள் தங்கை சங்கரவடிவு, மருமகள் பொன்னரசி. உள்ளே கட்டிலில் பிச்சிப்பூவை உதிர்த்துப் பரப்பியிருந்தார்கள். "அத்தான், தாலிய மறுபடி கட்டியாச்சு. மத்ததுக்கு மட்டும் நாள் பாக்காம விட்டா எப்படி?" என்றாள் சங்கரவடிவு. பொன்னரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மருமக முன்னால பேசுற பேச்சா இது? நான் முருகனுக்கு விரதத்துல இருக்கேன்" என்றார் கோமதிநாயகம். சிரித்தவர்கள் இருவரும் இறங்கிப் போனார்கள். அந்த விரதத்துக்கு அப்போது மூன்று வயது. சர்க்கரையால் வந்த ஆண்மைத் தளர்ச்சிதான், மாத்திரையில் சரியாகும் என்று சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அவருடைய மணிபர்ஸில் மடங்கிக் கிடந்தது. உள்ளூர் மருந்துக்கடை சித்தப்பா மகனுடையது. பக்கத்து ஊர்க் கடையில் சம்பந்தியின் தம்பி உட்கார்ந்திருப்பார். உலகம்மாள் பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டாள். "சாமிய ஏன் இழுக்கிய? என்னப் பிடிக்கலன்னா அத மட்டும் சொல்லிருங்க" என்றாள். அவர் கை மணிபர்ஸ் வரைக்கும் போயிற்று. கீழே சம்பந்தியின் குரல் கேட்டதும் முதுகை நிமிர்த்தி, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார். அதற்குப் பிறகு அவள் உயிரோடிருந்த ஒன்பது வருஷத்தில் அதை இன்னொரு முறை கேட்கவில்லை. விரதக்காரர் என்றுதான் ஊரில் இன்றும் அவரைச் சொல்கிறார்கள். அவர் ஒரு நாளும் விரதம் இருந்ததில்லை.