அஞ்சாவது கார்டு

"ஃபிரிட்ஜை நன்னா சுவத்தோட ஒட்டி வைங்கோ. காலம்பற வரைக்கும் அது மாடியில இருந்ததுன்னு தெரியப்படாது" என்றாள் ஹம்சா.

அவள் கணவர் ஸ்ரீனிவாசராகவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் தள்ள, மாடி வீட்டு சுயம்புலிங்கம் மறுபக்கம் பிடித்தார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், மூட்டை தூக்கிப் பழகிய கை. ஃபிரிட்ஜ் அவருடையது. கூடத்தில் போட்டிருந்த சோபாவும் அவருடையதுதான்.

"எதுக்கு சார் இந்தப் பாடு?" என்றார் மூச்சு வாங்க.

"கிரெடிட் கார்டு கொடுக்கற பேங்க்லேர்ந்து ஆள் வந்து ஆத்தைப் பார்ப்பா. வசதி இல்லேன்னு எழுதிட்டா கார்டு கிடையாது."

"உங்ககிட்டதான் நாலு கார்டு இருக்கே?"

"அதனாலதான் அஞ்சாவது."

சுயம்புலிங்கம் ரொக்கத்தைத் தவிர எதையும் நம்பாதவர். ராகவன் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். முதல் கார்டில் தீபாவளிக்கு வாங்கிக் குவித்த பாக்கியை இரண்டாவது பேங்க் தன் தலையில் போட்டுக்கொண்டது. அதை மூன்றாவது பேங்க், பிறகு நாலாவது. ஒவ்வொருத்தரும் முதல் ஆறு மாதத்துக்குப் பாதி வட்டிதான் கேட்பார்கள். ஆறு மாதம் முடிவதற்குள் அடுத்த பேங்கைப் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தடவை பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"அப்போ கடன் எப்பத்தான் தீரும்?"

"ஊர்ல பேங்க் தீர்ந்தா தீரும்" என்றார் ராகவன். ஏதோ மியூச்சுவல் ஃபண்டு பற்றிப் பேசுவது போல அவ்வளவு பெருமை முகத்தில்.

ஹம்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாவது கார்டுக்கு வசூல் பண்ணுகிறவன் ஒரு வாரமாகப் போனில் மிரட்டிக்கொண்டிருக்கிறான். அன்று காலையிலும் அவள்தான் எடுத்தாள். "இன்னா மாமி, வீண சத்தம் சோக்கா கீது. மாசக் கடசிக்குள்ள துட்டு வர்லன்னு வை, வூட்டாண்ட வந்து அத்தத் தூக்கிக்கினு போய்க்கினே இருப்பேன்" என்றான். அந்த வீணையை வைத்துக்கொண்டு அவள் மாட வீதிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதால்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"இந்தக் கார்டு வரலேன்னா என் வீணை போயிடுமே" என்றவள் புடவைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுயம்புலிங்கம் சங்கடப்பட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பேங்க் ஆள் வந்தான். டை கட்டியிருந்தான், இடுப்பில் பேஜர். ஷூவைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"வணக்கம் சார். என் பேர் பாலகணேஷ். கார்டு விஷயமா வீட்டைப் பார்க்க வந்திருக்கேன். தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று ஹம்சாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. காப்பி கலந்துகொண்டு வந்தாள்.

"நல்ல சோபா. வாங்கி எவ்வளவு நாளாச்சு சார்?"

"நாலு வருஷம்" என்றார் ராகவன்.

"ரெண்டு வருஷம்" என்றாள் ஹம்சா, அதே நேரத்தில்.

"வாங்கி நாலு வருஷம். உட்கார ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்" என்று ராகவன் சமாளித்தார். பாலகணேஷ் தலையாட்டி எழுதிக்கொண்டான்.

அப்போது சுயம்புலிங்கத்தின் மனைவி இசக்கியம்மாள் மாடியிலிருந்து இறங்கி நேரே உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"மாமி, எம் மாவை எடுத்துக்கிடுதேன். கீழ்த்தட்டுல நேத்து வச்ச மீன் குழம்பு கெடக்கு, அது இருக்கட்டும். சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன்."

தூக்குவாளியோடு அவள் போய்விட்டாள். பாலகணேஷ் ராகவனின் நெற்றியில் பளிச்சென்றிருந்த திருமண்ணைப் பார்த்தான். பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்தான்.

"மீன் குழம்பா சார்?"

"டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்கார்" என்றார் ராகவன்.

ஹம்சா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஏழு தலைமுறை ஆசாரத்தை மனுஷர் ஒரு வாக்கியத்தில் அடகு வைத்துவிட்டார். அதற்காவது கார்டு வரவேண்டுமே என்றிருந்தது அவளுக்கு.

பாலகணேஷ் எழுந்து ஃபிரிட்ஜின் பின்னால் எட்டிப் பார்த்தான். வயர் தரையில் கிடந்தது. அவனே அதை எடுத்துச் செருகி ஸ்விட்சைப் போட்டான். "குழம்பு கெட்டுடும் சார்" என்றான்.

ராகவன் உடைந்துபோனார். "இதோ பாருப்பா, உண்மையைச் சொல்லிடறேன்..."

"நான் எதுவும் கேக்கலையே சார். ரொம்ப வசதியான குடும்பம்னு எழுதியாச்சு. பத்து நாள்ல கார்டு வந்துடும். பழைய பாக்கி முழுசையும் புது பேங்க் கட்டிடும்."

ஹம்சா கையெடுத்துக் கும்பிட்டாள். "தெய்வம் மாதிரி வந்தேள். ஒரு கடங்காரன் போன்ல மிரட்டியே என் பிராணனை எடுத்துண்டிருக்கான். முன்னே பின்னே தெரியாத நீங்க எதுக்கு எங்களுக்காக இவ்வளவு பண்றேள்?"

பாலகணேஷ் வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டான். கழுத்து டையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக்கொண்டான்.

"போன்ல பேசினத மன்சுல வச்சிக்காத மாமி. புது பேங்க் துட்டு குட்தாதானே பழைய பேங்க் பாக்கி வசூலாவும், எனக்கும் ரெண்டு பேங்க்லயும் கமிசன் வரும்?" என்றான், காலையில் அவள் போனில் கேட்ட அதே குரலில்.