தோன் எலாடியோவை மாத்தணும்

"கிழவனைத் தூக்கிட வேண்டியதுதான். வேற பேச்சே கிடையாது" என்றான் கசிமிரோ.

கசிமிரோவின் பலசரக்குக் கடைதான் எங்கள் ஊர் பேஸ்பால் கமிட்டிக்கு ஆபீஸ். கசிமிரோதான் தலைவன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், திங்கட்கிழமை சாயங்காலம் கூட்டம். பேச்சு பாதி, பீர் பாதி.

அன்றைக்குப் பீரை யாரும் தொடவில்லை. அவ்வளவு கோபம்.

மேனேஜர் தோன் எலாடியோ பதினாறு வருஷமாக எங்கள் அணியை நடத்துகிறார். அவர் வாங்கிக் கொடுத்த கோப்பைகளை வைக்க இடமில்லாமல் அரிசி மூட்டைகளின் மேல் அடுக்கி வைத்திருந்தான் கசிமிரோ. ஆனால் இந்த வருஷம் தொட்டதெல்லாம் தோல்வி. நேற்று கரும்பாலைப் பொடியன்களிடம் கூடத் தோற்றாயிற்று.

"சும்மா தோத்தாலும் பரவாயில்லைய்யா. நம்ம குண்டன் மாக்சிமோவைப் பார்த்து, அடுத்த பேஸுக்கு ஓடுன்னு சைகை காட்டறாரு! அவன் கட்டில்லேருந்து எழுந்திரிக்கவே கால் மணி நேரம் ஆகும். பாதி வழியிலேயே அவுட். அவுட் பண்ணின பையனே பாவப்பட்டு அவனுக்குக் குடிக்கத் தண்ணி கொடுத்தான்!"

"அதை விடு. அவங்க பக்கம் பந்து போடறவன் நடுங்கிக்கிட்டு நிக்கறான். அடிச்சு நொறுக்க வேண்டிய நேரம். இவரு என்னடான்னா, அடிக்காதே, மட்டையைச் சும்மா நீட்டுங்கறாரு."

"மூளை கழண்டு போச்சு. அவ்வளவுதான்."

தோன்யா பிலார் மட்டும் குறுக்கே பேசினாள். அணிக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள். எங்கள் ஊரில் பெரியவர்களை மரியாதையாகத் தோன், தோன்யா என்றுதான் கூப்பிடுவோம்.

"நெஞ்சடைச்சு விழுந்து பொழைச்சு வந்த மனுஷன். பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. பிள்ளைங்க நியூயார்க்ல. அவருக்குன்னு மிச்சம் இருக்கறது தலையில இருக்கற அந்த மேனேஜர் தொப்பிதான். அதையும் பிடுங்கிட்டா, அப்புறம் காலையில எதுக்காக அவரு எழுந்திரிக்கணும்?"

"பாவம் பார்த்தா கோப்பை வருமா தோன்யா?"

"கோப்பையில தண்ணி கூடக் குடிக்க முடியலை. எல்லாம் ஓட்டை!"

ஓட்டெடுத்தார்கள். சரிபாதி.

"வில்கின், நீ சொல்லு. நீதானே கேப்டன்" என்றான் கசிமிரோ.

வில்கின், தோன் எலாடியோ வந்த நாளிலிருந்து அணியில் இருப்பவன். தலையைச் சொறிந்தான். செருப்பைப் பார்த்தான்.

"அவரு மூளை ஒண்ணும் கழண்டு போகலை. பதினாறு வருஷமா இதே சைகைதான் காட்டறாரு."

"அப்போ எப்படிடா ஜெயிச்சீங்க?"

"நாங்க கேட்டாத்தானே! அவரு ஓடுன்னா நிப்போம். நில்லுன்னா ஓடுவோம். ஆட்டம் முடிஞ்சதும் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி திட்டுவாரு. கோப்பையைக் கக்கத்துல வெச்சுக்கிட்டே திட்டுவாரு!"

"இப்ப என்ன ஆச்சு?"

"அவரு நெஞ்சடைச்சு விழுந்தப்போ, சான்டோ டொமிங்கோ பெரியாஸ்பத்திரி டாக்டர், இனி அவருக்குக் கோபமே வரக்கூடாதுன்னுட்டாரு. ஆஸ்பத்திரி வாசல்லயே நாங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். இனிமே கிழவர் என்ன சொன்னாலும் அப்படியே செய்யறது. தோத்தா தோத்துட்டுப் போவோம், ஆளு இருந்தாப் போதும்னு."



"அட கடவுளே!" கசிமிரோ தலையில் கை வைத்துக்கொண்டான். "அப்போ பதினாறு வருஷமா நாம தூக்கி வெச்சு ஆடினது ஒரு மண்டூகத்தையா? இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பணும். கையைத் தூக்குங்க எல்லாரும்!"

கைகள் உயர்ந்தன. தோன்யா பிலாரின் கை கூடப் பாதி வரைக்கும் போய்விட்டது.

"எனக்கு ஒரு காபி" என்றது வாசலில் ஒரு குரல்.

தோன் எலாடியோ. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. தொப்பி கையில் இருந்தது.

"இதைக் கொடுத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். வில்கின் பேசினதைக் கேட்டப்புறம் கொடுக்க மனசில்லை." தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "டேய் வில்கின், நில்லுன்னா நீங்க ஓடுவீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? வந்த மாசமே தெரிஞ்சு போச்சு. சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளுங்களாடா நீங்க?"

வில்கின் மறுபடியும் செருப்பைப் பார்த்தான்.

"அதனாலதான் ஓட வேண்டிய நேரத்துல நில்லுன்னேன். நிக்க வேண்டிய நேரத்துல ஓடுன்னேன். மாக்சிமோவை ஓடுன்னு சொன்னாத்தான் அவன் அசையாம நிப்பான். சொல்லலேன்னா, அவன் பாட்டுக்குக் கிளம்பிடுவான்!"

"அப்புறம் எதுக்குத் திட்டினீங்க?"

"திட்டலேன்னா உங்களுக்குச் சந்தேகம் வந்துடாதா?"

கசிமிரோ முதல் பீரைத் திறந்தான். எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னான்.

"தோன் எலாடியோதான் மேனேஜர். இனிமே எவனாவது அவரு பேச்சைக் கேட்டீங்க, அணியிலேருந்து தூக்கிடுவேன்!"

எல்லோரும் கை தட்டினார்கள். தோன்யா பிலாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. காபியை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"ஏன்யா, இவனுங்க திருந்திட்டானுங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே? நேரான சைகையே காட்டியிருக்கலாமே? இத்தனை ஆட்டம் தோத்திருக்க வேண்டாமே?"

தோன் எலாடியோ காபியை ஒரு வாய் குடித்தார்.

"தெரிஞ்சுது தோன்யா. ஆனா இவனுங்க இவ்வளவு நாள் நல்லவனுங்களாவே இருப்பானுங்கன்னு எவன் கண்டான்? அடுத்த ஞாயித்துக்கிழமை பழையபடி ஆயிடுவானுங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை ஆயிடுவானுங்கன்னு இவனுங்களை நம்பியே இருந்துட்டேன்!"