ஒற்றைக் கண் நீர்

சவரக்காரரின் இடது கண்ணில் மட்டும் நீர் வழிகிறது. நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருப்பவர் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னண்ணே, அழறீங்களா?" என்கிறார். தினமும் நாலு மணிக்கு வரும் வலி, இன்று பத்து நிமிடம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. இடது இமை தொங்குகிறது, அதே பக்கத்து மூக்கும் ஒழுகுகிறது. நாற்காலிக்காரரின் தொண்டைக்குழியில் நிற்கும் கத்தியை மெதுவாக எடுத்து, பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருக்கும் மைத்துனனிடம் நீட்டுகிறார். "கண்ணுக்குள்ள எவனோ கம்பியக் காய்ச்சித் திருகுறான்டா. எல்லாத்தையும் எடுத்துட்டியா?" மைத்துனன் அவருடைய சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறான், கத்தரி, பிளேடு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறான். "எடுத்துட்டேன், நீங்க போங்க மாமா." போன வாரம் உள்ளறையில் அவர் கத்தியும் கையுமாக நின்ற கோலத்தை இவன் இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை. உள்ளறைக் கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் செருப்பு அங்குமிங்கும் தேய்கிறது. பிறகு சுவரில் தலை மோதுகிறது. தொம். தொம். அலமாரியில் பவுடர் டப்பா அதிர்கிறது. கையில் வாங்கிய கத்தியால் மிச்சச் சவரத்தை மைத்துனன் தொடர்கிறான். "ஐயோ, போய் நிறுத்தச் சொல்லுங்க தம்பி," என்கிறார் நாற்காலிக்காரர். "பேசாதீங்க சார், கத்தி பட்டுடும்." சட்டென்று சத்தம் நிற்கிறது. மைத்துனனின் கை அந்தரத்தில் நிற்கிறது. பூட்டிய பெட்டியைப் பார்க்கிறான், கதவைப் பார்க்கிறான். கத்தி நுனியிலிருந்து நுரை சொட்டுகிறது. தொம். அவன் மூச்சு விடுகிறான்.