சரிபாதி

"சரிபாதியாப் பிரிச்சிடலாமா?" என்று வந்தவர் கேட்டார்.

பெயின்ட் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தான் கண்ணை மூடிய பிறகு நடக்கவேண்டியது, கண்ணெதிரே நடக்கிறது.

"பிரிங்க. இவனோட இனி ஒத்துவராது" என்றான் மூத்த மகன்.

"எனக்கு மட்டும் சேந்திருக்க ஆசையா?" என்றான் இளையவன்.

வந்தவர் கம்ப்யூட்டர் மெக்கானிக். மேசைமேல் இருந்த பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். கடைக்கு இருப்பது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். அதில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் இருப்பது என்பதில்தான் சண்டை.

"இந்தச் சண்டை முடியலேன்னா கடையையே ரெண்டாக்கிடுவேன்" என்று அப்பா மிரட்டியிருந்தார். மிரட்டிய நாளிலிருந்து தூக்கம் போனது அவருக்குத்தான்.

"பில்லு, கணக்கு, ஸ்டாக்கு எல்லாத்துக்கும் விண்டோஸ்தான். ஊரே அதைத்தான் வச்சிருக்கு" என்றான் மூத்தவன்.

"ஊர் பின்னாடி போறதே உனக்குப் பொழப்பு. லினக்ஸ் காசில்லாமக் கிடைக்குது. பெரிய பெரிய சர்வரெல்லாம் அதுலதான் ஓடுது."

"ஆமா, தொரை சர்வர் வைக்கப்போறாரு. நாலு பிரஷ் வித்த பாடில்ல."

மெக்கானிக் கீபோர்டை நகர்த்தினார். வாங்கிய அன்று இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. மவுஸின் இடது பொத்தான் மட்டும் தேய்ந்து பளபளத்தது. கல்லாவில் மூத்த மருமகள் கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலைங்க ஐயா" என்றார் மெக்கானிக். "உங்க கலர் கலக்குற மெஷினுக்குள்ளயும் ஒண்ணு ஓடுது. சொன்ன நொடியில சொன்ன சொட்டு விழணும், அதுக்கு வேற நெனப்பே கிடையாது. செல்போன்ல இருக்கறது வேற ரகம். விரல் பட்டாப் புரிஞ்சுக்கும்."

"அதுங்க எதுவும் அடிச்சுக்கலையே" என்றார் அப்பா.

"அடிச்சுக்கறது அதுங்க இல்லீங்களே."

டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றைப் போட்டுவிடலாம் என்றார் மெக்கானிக். "ஆன் பண்ணினதும் எதுக்குள்ள போகணும்னு அதுவே கேக்கும். அவங்கவங்க பாதி அவங்கவங்களுக்கு."

மகன்கள் தலையாட்டினார்கள். அப்பாவுக்கு மூச்சு வந்தது. கடை தப்பியது.

"பிரிக்கறப்ப உள்ள இருக்கறது அழிஞ்சாலும் அழியும். எதை முதல்ல காப்பி எடுக்கணும்? பில்லா, கணக்கா, ஸ்டாக்கா?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, பல மாதங்களில் முதல்முறையாக, ஒரே குரலில் சொன்னார்கள்:

"சீட்டு விளையாட்டுல எடுத்த ஸ்கோர் மட்டும் போயிடக் கூடாது."