வெள்ளைக் கையுறை

கையைக் கழற்றி எங்கே வைத்துவிட்டு வருவதாம் என்று கமடோ மனசுக்குள் கேட்டுக்கொள்கிறாள். ஜப்பான் ஆளும் சைப்பான் தீவு. ஒக்கினாவாவிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்களின் ஊர்ச்சங்கக் கொட்டகையில் தகரக் கூரை வெயிலுக்குப் படபடக்கிறது. மல்லிகைத் தேநீர்த் தட்டின் பக்கத்தில் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கிடக்கிறது. அவளுடைய புறங்கை விரல்களில் கருநீல அம்புகள், மணிக்கட்டில் வட்டம். கல்யாணத்துக்கு முன் பச்சை குத்தியவை. அவை இல்லாத பெண்ணைச் செத்தபிறகு முன்னோர்கள் அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று அவள் நம்புகிறாள்.

"மாட்டிக்குங்கக்கா," என்கிறார் சங்கத் தலைவர் தொகாஷிகி. "ஆலைத் துரை வந்து உக்காந்தாச்சு. ஏற்கெனவே ஜப்பான்காரங்க நம்மளக் காட்டுமிராண்டிங்கிறாங்க."

"உங்கம்மா கையிலயும் இருந்துச்சே தம்பி. அந்தக் கையாலதான சோறு தின்ன?"

"எங்கம்மா இங்க தேத்தண்ணி ஊத்த வரலியே. உங்க மகனுக்குக் கங்காணி வேலை வேணுமா, வேணாமா?"

கதவிடுக்கில் மகன் செய்ஜி தெரிகிறான். இரவல் பூட்ஸுடன் துரைக்கு முன்னால் விறைத்து நிற்கிறான். கழுத்தில் வியர்வை இறங்குகிறது. இவள் பக்கம் திரும்பி, 'போட்டுக்கம்மா' என்று உதட்டை மட்டும் அசைக்கிறான். அவள் ஒரு கையில் மாட்டிப் பார்க்கிறாள். ஐந்து விரலும் வெளுத்து, யாருடையதோ போல மடிகின்றன. தன் கை தனக்கே அடையாளம் தெரியவில்லை. உள்ளே துரை தொண்டையைச் செருமுகிறார். கமடோ கையுறையை விரல் விரலாக உருவுகிறாள், ஜோடி சேர்த்து மடித்துத் தொகாஷிகியின் சட்டைப் பையில் வைக்கிறாள்.

"ஆறிடும். வழி விடு தம்பி," என்று தட்டை இரு கையாலும் தூக்குகிறாள்.