கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மத்திய அலை ஒலிபரப்பை நிறுத்திய மறுநாள், அறிவிப்பாளர் எஸ்தரைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், எஃப்.எம். அறைக்கு மாற்றினார்கள். பேச வேண்டாம், பாட்டு போட்டால் போதும் என்று உத்தரவு. இரண்டு பக்கமும் மைக் திறந்தே கிடக்கும் என்பதால், இத்தனை வருடமும் கண்ணாடி வழியே எஃப்.எம். அறிவிப்பாளர் பூங்கோதையிடம் டீ வேண்டுமா என்று சைகையில்தான் கேட்டிருக்கிறாள். இன்று பக்கத்து நாற்காலி. அந்தச் சந்தோஷத்தில் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"பூங்கோதை, டீ சொல்லட்டுமா?"

பூங்கோதை பதறிப்போய், ஒலிபரப்பு ஓடுவதைச் சொல்லும் சிவப்பு விளக்கைக் காட்டினாள். அதற்குள் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை எஸ்தரின் காதில் வைத்தாள்.

"எங்கம்மா போயிட்டீங்க? பழைய இடத்துல ரேடியோ முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், ஒரே இரைச்சல். இங்கயா இருக்கீங்க?"

எஸ்தர் தொண்டையைச் செருமிக்கொண்டாள். மைக்கை மூடப் போன பூங்கோதை, கையை எடுத்துக்கொண்டாள்.