தலைவரின் மேலண்ணம்

“என் தொண்டையில கை வைக்கச் சொல்றியா? நாற்காலி வேணும்னா நேராவே கேளேன்!”

சோப்புக் கம்பெனித் தொழிற்சங்கத் தலைவர் சீறினார். எதிரே நின்றவள் சங்கச் செயலாளர், பேக்கிங் பிரிவுக்காரி.

“அதில்ல தோழர். பேச்சுவார்த்தையில உங்களுக்குக் கண் சொக்குது. மூச்சு நின்னு நின்னு வருது. தொண்டை டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டுங்களேன்.”

“அது தூக்கம் இல்லம்மா. சிந்தனை!”

முப்பது வருஷம் முழங்கிய குரல். அதை அடக்கத்தான் சதி என்று முடிவே கட்டிவிட்டார். ஆனால் போகாவிட்டால், ‘தலைவருக்குப் பயம்’ என்று ஊர் பேசுமே! போனார்.

ஒரு ராத்திரி தூங்கவைத்துச் சோதித்த டாக்டர் சொன்னார்: “தூக்கத்துல மூச்சு அடைக்குது. ஆனா லேசானதுதான்.”

தலைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தடியடிக்கே அசையாத உடம்பு. அதற்கு வந்த வியாதி லேசானதா?

“என் குரல்?”

“குரலுக்கு ஒண்ணும் ஆகாது. உள்நாக்குக்கு மேல அண்ணம் தொளதொளன்னு ஆடுது. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னக் கருவியால உள்ள சூடு கொடுத்தா, கொஞ்ச நாள்ல விறைப்பாயிடும். அரைமணி நேரம். நடந்தே வீட்டுக்குப் போகலாம்.”

ஆஸ்பத்திரி வாசலில் தொண்டர் கூட்டம், சுவரொட்டி, ‘நலமாக இருக்கிறார்’ என்று அறிக்கை... கட்டிய கோட்டையெல்லாம் சரிய, அரைமணியில் அண்ணத்துக்குச் சூடு வாங்கிக்கொண்டு, கையில் மருந்துச் சீட்டோடு தனியாக வீடு திரும்பினார்.

இரண்டு மாதம் கழித்து, ஷிப்ட் நேரம் பற்றி முதலாளியோடு பேச்சுவார்த்தை. தலைவர் வழக்கம்போல் கண்ணை மூடிச் சிந்தித்தார். வெளியே தொழிலாளர் கூட்டம் கப்சிப்.

முடிந்து வராந்தாவுக்கு வந்ததும், கூட வந்த செயலாளரிடம் குமுறிவிட்டார்.

“நாலு வருஷமா நான் கண்ணை மூடினாலே போதும், வாசல்ல கோஷம் வானத்தைப் பிளக்கும். அப்படி ஒரு பக்தி! இன்னிக்கு ஒரு முனகல்கூட இல்ல. எல்லாரையும் உன் பக்கம் வளைச்சுட்டே, அப்படித்தானே?”

செயலாளர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“தோழர், நீங்க குறட்டை விட ஆரம்பிச்சா நான் ஜன்னல் வழியாக் கைகாட்டுவேன். அது முதலாளி காதுல விழுந்துடக் கூடாதேன்னுதான் அவங்க அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்துவாங்க. இன்னிக்குத்தான் நீங்க சத்தமில்லாமத் தூங்கினீங்க.”